கடைசி ரீலின் பதினைந்து நிமிடம்

தியேட்டரின் வரலாற்றை நூலாகப் போடப் போகிறோம், உங்கள் நினைவில் இருப்பதை எழுதித் தாருங்கள் என்று நம் ஊர்ப் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். உங்களுக்கும் கேட்டு வந்திருக்கும். புளியந்தீவில் பிறந்து ஐம்பதைத் தாண்டிய எவரையும் அவர்கள் விட்டுவைத்ததாகத் தெரியவில்லை. எழுதுங்கள். எந்தப் படம் எத்தனை நாள் ஓடியது, வரிசையில் யாருடைய சட்டை கிழிந்தது, வாங்கில் மூட்டைப்பூச்சி கடித்து எழும்பி நின்றே படம் பார்த்தது எல்லாவற்றையும் எழுதுங்கள். அதெல்லாம் எனக்கு உங்களைவிடக் கூடத் தெரியும். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது ஒரே ஒரு வரிக்காக.

பிள்ளைகள் தொகுத்த பிரதியை எனக்கும் அனுப்பியிருந்தார்கள். அதில் பழைய ஊழியர்களைப் பற்றிய பக்கத்தில் இப்படி இருக்கிறது: "சொந்த மைத்துனனைப் பிடிக்க வெளியே ஆட்கள் நிற்கிறார்கள் என்று வீட்டிலிருந்து செய்தி வந்த பின்னும், மெஷினை விட்டு அசையாமல் ரீல் முடியும்வரை படம் ஓட்டிய ஒப்பரேட்டர் இங்கு வேலை செய்தார்." பாராட்டாகத்தான் எழுதியிருக்கிறார்கள். தொழில் பக்தியாம். அந்த ஒப்பரேட்டர் என் அப்பா. அந்த வரி பிழை. பிழை என்பது நாற்பது வருடமாக எனக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரிந்திருந்தது, போன ஞாயிறு வரை வேறு ஒருவருக்கும் தெரியாது. அது நடந்தபோது எனக்குப் பதினொரு வயது.

தியேட்டரை இடித்துவிட்டார்கள், இப்போது முன்சுவர் மட்டும்தான் நிற்கிறது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். பின்னால் ஒன்றும் இல்லை, வாவி நேரே தெரிகிறது. நம் தகப்பன்மார் சொல்லுவார்கள், முதலில் அது தகரக் கொட்டகையாக இருந்தது, நாடகம் போடத்தான் கட்டினார்கள் என்று. பிறகு சுவர் வந்தது, மேல்மாடி வந்தது, பெண்களுக்குத் தனிக் கதவு வந்தது. சூறாவளி கூரையை அப்படியே தூக்கிக்கொண்டு போனபோது படங்குத் துணி கட்டி இரவில் மட்டும் படம் காட்டினார்களாம். மழை வந்தால் பாதி நாயகியும் நனைந்த திரையும்தான் தெரியும் என்று அப்பா சிரிப்பார். கடல் ஊருக்குள் வந்த வருடம் அங்கே படம் ஓடவில்லை. வாங்குகளில் குழந்தைகளைப் படுக்கவைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அது எழும்பவேயில்லை.

அப்பாவின் அறை மேலே, பின்பக்க இரும்புப் படியின் முடிவில். பகலில் அந்தப் படி காலைச் சுடும். உள்ளே இரண்டு மெஷின்கள், ஒன்று ஓடும்போது மற்றது காத்திருக்கும். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு காபன் குச்சிகள் எரிந்து வெளிச்சம் தரும். அந்த மணம் அப்பாவின் சட்டையிலும் தலையணையிலும் இருந்தது. இன்றைக்கும் எங்காவது வெல்டிங் கடையைத் தாண்டினால் நான் திரும்பிப் பார்த்துவிடுவேன்.

ஒரு ரீல் முடியப் போகிறது என்றால் திரையின் வலப்பக்க மேல் மூலையில் ஒரு வட்டப் புள்ளி கண்சிமிட்டும். நீங்கள் யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள், உங்களுக்கு நாயகனின் முகம் போதும். நான் புள்ளியைத்தான் பார்ப்பேன். முதல் புள்ளிக்கு அப்பா மற்ற மெஷினை ஓடவிடுவார். இரண்டாம் புள்ளிக்குப் படத்தை மாற்றுவார். அந்த நேரத்தில் அவரோடு கதைக்கக் கூடாது. வீடு பற்றி எரிந்தாலும் கதைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

சிலைட்டும் அவர் வேலைதான். அதை நீங்கள் மறந்திருக்க முடியாது. உள்ளே ஐந்நூறு பேர் இருட்டில் இருக்கிறார்கள், வெளியே ஒருவர் வந்து, இன்னாருடைய மனைவிக்குப் பிரசவ நோவு கண்டுவிட்டது, கூப்பிட வேண்டும் என்கிறார். என்ன செய்வது? அப்பா மண்ணெண்ணெய் விளக்கின் மேல் ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்துக் கரி ஏற்றுவார். குண்டூசியால் அதில் பெயரையும் ஊரையும் "உடன் வெளியே வரவும்" என்றும் கீறுவார். சிலைட் விளக்கில் வைத்தால் ஓடுகிற படத்தின் மேலேயே வெள்ளை எழுத்து விழும். எழுத்து விழுந்ததும் மண்டபம் முழுக்க ஒரு மூச்சு அடங்கும். தன் பெயர் இல்லை என்று கண்ட பிறகுதான் மற்றவர்கள் கச்சான் கடலை கொறிக்கத் தொடங்குவார்கள். வாவிக்கு அக்கரையில் இருக்கும் படுவான்கரைக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்கும் அப்படி ஒரு சிலைட் நிரந்தரமாக இருந்தது. வவுணதீவுப் பக்கத்து ஆட்கள் முணுமுணுத்துக்கொண்டே எழும்பிப் போவார்கள். பாவம், அவர்கள் எந்தப் படத்தின் முடிவையும் பார்த்ததில்லை.

நானும் பார்த்ததில்லை. அதுதான் இந்தக் கதை.

படம் விட்டதும் கேட்டில் நெரிசல் வரும், பிள்ளை மிதிபட்டுப் போகும் என்று அப்பாவுக்குப் பயம். ஆகவே கடைசி ரீல் தொடங்கியதும் என்னை இறக்கி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வீடு பின்னால் மூன்றாவது ஒழுங்கை. இரண்டரை மணிக் காட்சி முடிந்து அவர் சாப்பிட வரும்போது முடிவைச் சொல்லுவார். அம்மா பக்கத்தில் இருந்து பரிமாறுவா, நான் எதிரே இருப்பேன். அப்பாவின் முடிவுகளில் ஒருவரும் சாவதில்லை. தொலைந்த பிள்ளை கிடைக்கும், குருடனுக்குக் கண் தெரியும், கடைசியில் எல்லோரும் இருந்து சாப்பிடுவார்கள். என் வகுப்புக் கூட்டாளி ஒருத்தி, அவளைப் பற்றி அவ்வளவு போதும், வேறு மாதிரிச் சொல்லுவாள். அவளுடைய முடிவுகளில் பாதிப் பேர் செத்துப்போவார்கள். இருவரில் ஒருவர் பொய் சொல்லுகிறார் என்பது எனக்கு விளங்கிவிட்டது. அந்த ஒருவர் அப்பாவாக இருந்துவிடக் கூடாது என்று தவித்தேன்.

அந்தக் காலம் எப்படிப்பட்ட காலம் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. இரவுக் காட்சியை நிறுத்தியிருந்தார்கள். அம்மாவின் தம்பி, எனக்கு மாமா, படுவான்கரையிலிருந்து படிக்க வந்து எங்களோடு இருந்தார். பத்தொன்பது வயது. மீசையைத் தடவிக்கொண்டே இருப்பார், அது வளர்கிறதா என்று பார்ப்பதுபோல. சோதனை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தார். ஆமிக்காரர் பொடியன்மாரை வளைத்துப் பிடிக்கிறார்கள் என்ற கதை வரும்போதெல்லாம் அம்மா அவரைத் தியேட்டருக்கு அனுப்பிவிடுவா.

"ஐந்நூறு பேருக்குள்ள ஒருத்தனை ஆர் கண்டுபிடிக்கிற? வீட்டுக்குள்ள இருந்தாத்தான் பயம்" என்பா அம்மா.

இப்போது நினைத்தால் குலை நடுங்குகிறது. ஒரே இடத்தில் ஐந்நூறு பேரைப் பூட்டி வைத்தால் தேடுகிறவனுக்கு வேலை லேசு என்று அம்மாவுக்கோ மற்றத் தாய்மாருக்கோ தோன்றவில்லை. நம் ஒழுங்கையில் பாதிப் பேர் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அம்மா இன்னொரு வழியும் வைத்திருந்தா. பக்கத்து வீட்டு மீன்பிடிகாரரின் தோணி எங்கள் வளவின் பின்னால் கட்டியிருக்கும். நிலைமை மோசம் என்றால் மாமாவை அதில் ஏற்றி வாவிக்கு அக்கரையில் விட்டுவிடுவதாக அவர் சொல்லியிருந்தார். ஒழுங்கையால் வந்தால் தியேட்டரிலிருந்து தோணிக்கு ஐந்து நிமிடம்.

அன்று சனிக்கிழமை, மாமா தியேட்டருக்குள்தான் இருந்தார். ஓடிய படத்தில் தம்பிமார் மூவரை வளர்த்த ஒரு அக்கா. தம்பிமார் ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறார்கள், அக்கா நோயில் விழுகிறாள். கடைசியில் தம்பிமார் திரும்பி வந்து எல்லோரும் ஒரு பாயில் இருந்து சாப்பிடுவார்கள் என்று அப்பா சொல்லியிருந்தார். அக்கா செத்துப்போவாள் என்று கூட்டாளி சொல்லியிருந்தாள். கோயில் வாசலில் சத்தியமும் செய்திருந்தாள்.

நாலு மணி கழிந்து மீன்காரம்மா கூடையை இறக்காமலே வேலியடியில் நின்றா.

"கோட்டைமுனைப் பாலத்தடியில ரெண்டு ட்ரக் நிக்குது கா. இஞ்சால வரப் போறாங்க போல" என்றா.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. கையில் பாதித் தேங்காய் அப்படியே இருந்தது.

"கெதியா ஓடு புள்ள. மாமாட பேரைப் போட்டு உடன வீட்ட வரச் சொல்லிச் சிலைட் போடட்டாம் எண்டு அப்பாட்ட சொல்லு. வேற ஒருத்தரிட்டயும் வாய் திறக்கப்படா. நான் தோணிக்காரரைக் கூப்பிடுறன்."

தேங்காயைப் போட்ட இடத்திலேயே விட்டுவிட்டு அம்மா எழும்பியதை நான் பார்த்தேன். பார்க்கவில்லை, விளங்கவில்லை, சின்னப் பிள்ளைதானே என்று யாரும் எனக்குச் சாட்டுச் சொல்ல வர வேண்டாம். விளங்கியது. ஓடினேன். கேட்டில் நின்றவர் காத்தான்குடிக் காக்கா, முஸ்லிம்களில் அண்ணனுக்கு அந்தச் சொல். நாம் எல்லோரும் கேட் காக்கா என்றுதானே கூப்பிடுவோம்.

"என்ன புள்ள, படம் முடியப் போகக்குள்ள வாறாய்?" என்றார்.

"அப்பாட்ட" என்றேன்.

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். நாலரை. கேட்டைத் திறந்துவிட்டார்.

படியேறி உள்ளே போனபோது முதல் புள்ளி கண்சிமிட்டியது. அப்பா திரும்பாமலே கையை உயர்த்தி நில் என்று காட்டினார். நின்றேன். சட்டம் சட்டம்தான். இரண்டாம் புள்ளி வந்தது, அப்பா மாற்றினார், கடைசி ரீல் ஓடத் தொடங்கியது. நெற்றியைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"என்ன புள்ள, அம்மா அனுப்பினாவா?"

மெஷினுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு சதுரத் துவாரம் உண்டு. அதற்குள்ளால் அப்போது அந்த அக்காவின் வீட்டுக் கதவு தெரிந்தது. வெளியே ஒரு நிழல் வந்து நின்றது. தம்பியாகத்தான் இருக்க வேண்டும். இப்போது சொன்னால் அப்பா கண்ணாடியை எடுப்பார், எழுத்து அந்தக் கதவின் மேல் விழும், என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். போன கிழமையும் ட்ரக் வந்து பாலத்தடியில் நின்றுவிட்டுப் போனது. இவ்வளவும் என் மனதில் ஓடியது. கொஞ்ச நேரம்தானே என்றும் ஓடியது.

"இல்ல, சும்மா வந்தன். கொஞ்சம் நிண்டுத்துப் போறன் அப்பா."

"கேட் திறக்க முதல் போயிரணும்" என்று சொல்லிவிட்டு அவர் முடிந்த ரீலைத் திருப்பிச் சுற்றப் போனார். அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது.

நான் துவாரத்தில் கண்ணை வைத்தேன். மூத்த தம்பி வந்தான். இரண்டாமவன் வந்தான். பாய் விரித்தார்கள். சொல்லு சொல்லு என்று உள்ளே ஏதோ இடித்தது, இதோ இந்தக் காட்சி முடியட்டும் என்றேன். கடைசித் தம்பி வர நேரமாயிற்று. நடுவில் ஒரு பாட்டு வந்தது. அந்தப் பாட்டை நான் எவ்வளவு வெறுத்தேன் தெரியுமா, அப்போதும் சொல்லவில்லை. கடைசித் தம்பி வந்தான். மூவரும் பாயில் இருந்தார்கள். அக்கா சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை எடுத்து அவனுடைய வாய்க்குக் கொண்டுபோனாள். கை பாதியில் விழுந்தது. சோறு பாயெல்லாம் சிதறியது.

அப்பா பொய் சொல்லியிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அதே நொடியில் மாமாவும் நினைவுக்கு வந்தார்.

"அப்பா, ட்ரக் வந்திரிக்காம். மாமாட பேரைப் போட்டு உடன வரச் சொல்லட்டாம். அம்மா சொன்னவ."

அப்பா என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு வராது. "எப்ப?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்கு நிற்கவில்லை. விளக்கில் கண்ணாடியைப் பிடித்தார், விரல் சுட்டது, குண்டூசியால் கீறினார். சிதறிய சோற்றின் மேல் மாமாவின் பெயர் வெள்ளையாக விழுந்தது. கீழே ஒரு தலை எழும்பியது. மண்டபத்தின் ஓரமாகக் குனிந்து நடந்தது. கதவு திறந்து ஒரு கீற்று வெளிச்சம் உள்ளே வந்து மூடிக்கொண்டது.

ட்ரக் அப்போதுதான் கேட்டில் வந்து நின்றிருந்தது. முழு மண்டபத்திலும் முதல் ஆளாக, தனியாக, மாமா அவர்களுக்கு முன்னால் போய் நின்றார். மற்றவர்களை வரிசையாக விட்டு அடையாள அட்டை பார்த்துப் பெரும்பாலும் போகவிட்டார்கள். படம் முடியுமுன் அவசரமாக வெளியே வந்தவனை விடவில்லை. ஏன் ஓடப் பார்த்தாய் என்றுதான் அடித்தார்களாம். தோணிக்காரர் இருட்டும்வரை வளவின் பின்னால் காத்திருந்தார்.

அன்று மாலையே கேட் காக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார்.

"என்ட கண்ணுக்கு முன்னாலதான் ஏத்தினாங்க தங்கச்சி. நாலரைக்கே புள்ள மேல போனா. பிறகு ட்ரக் கதை காதில விழக்குள்ளதான் எதுக்கெண்டு விளங்கினது. எப்பிடியும் பேர் போடுவாங்க, தம்பி வெளிய வந்திருவார் எண்டுதான் பாத்துப் பாத்து நிண்டன். அவர் வரக்குள்ள நாலே முக்கால்."

அம்மா குசினிக்குள் அடுப்படிக்குத் திரும்பினா. அப்பா அங்கே பலகையில் இருந்தார். நான் தண்ணீர்ப் பானைக்குப் பின்னால் இருந்தேன். என் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் வெளியே கேட்டுவிடுமோ என்று சட்டை நுனியைக் கடித்துக்கொண்டேன்.

"நாலரைக்கு வந்த பிள்ளைக்கு நாலே முக்காலுக்கா பேர் போட்டீங்க?"

அப்பா என் பக்கம் பார்க்கவேயில்லை.

"பிள்ளை வந்த உடன சொல்லிச்சு. நான்தான் ரீல் முடியட்டும் எண்டு இருந்துத்தன்."

அம்மா கோப்பையில் சோற்றைப் போட்டா.

"படம் பெரிசாப் போச்சு உங்களுக்கு" என்றா.

சோற்றுக் கோப்பையை அவருக்கு முன்னால் வைத்துவிட்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போனா. அன்றிலிருந்து அம்மா அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து பரிமாறியதில்லை. கோப்பையை மூடி வைப்பா, போய்விடுவா. முடிவு சொல்லும் கதையும் அன்றோடு நின்றது.

இரண்டு நாள் கழித்து அப்பா என்னை மேலே கூட்டிப்போனார். காபன் குச்சிகளைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"அந்தப் படத்துட கடைசி உனக்குத் தெரியா. நீ பாக்கல்ல. ஆர் கேட்டாலும் தெரியா எண்டு சொல்லு. விளங்குதா?"

தலையாட்டினேன். எனக்கு அப்போது பெரிய நிம்மதியாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நிம்மதிதான். அப்பா நினைத்திருப்பார், பிள்ளை, மறந்துவிடும் என்று. நன்றாகக் கணக்குப் போடுகிற மனுசன் அந்த ஒன்றில் பிழைவிட்டார்.

பிறகு வந்த மாதங்களில் எங்கள் வீட்டில் எல்லோரும் வாசல் கேட்டின் சத்தத்துக்குத்தான் காது கொடுத்துக்கொண்டிருந்தோம். அம்மா கிராம அதிகாரியான விதானையாரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு முகாம் முகாமாகப் போனா. இங்கே இல்லை, அங்கே கேளுங்கள் என்றார்கள். அங்கே, இங்கே கேளுங்கள் என்றார்கள். தெருவில் ஜீப் உறுமினால் அம்மா அடுப்பை அணைத்துவிடுவா, எதற்கென்று அவவுக்கே தெரியாது. பள்ளிக்கூடத்தில் கூட்டாளி, படத்தில் அக்கா செத்ததுதானே, நான் சொன்னேன்தானே என்று கேட்டாள். தெரியாது என்றேன். தெரியாது என்று சொல்லும்போது என் குரல் ஒருமாதிரி உயர்ந்துவிடும். அதை யாரும் கண்டுபிடித்துவிடுவார்களோ என்று பயந்து, பேசுவதையே குறைத்துக்கொண்டேன்.

கேட் காக்காவைக் கண்டால் ஒழுங்கை மாறி ஓடுவேன். ஒரு நாள் கடை வாசலில் பிடிபட்டுவிட்டேன். என் கையில் ஒரு டொபி மிட்டாயை வைத்தார்.

"நீ ஓடி வந்து சொன்னாய்தானே புள்ள. உன்னில பிழையில்ல" என்றார்.

அந்த டொபியை நான் தின்னவில்லை. என்னிடம் ஒரு பிஸ்கட் டின் நிறைய அறுந்த பிலிம் துண்டுகள் இருந்தன. வெயிலில் பிடித்துப் பார்த்தால் சின்னச் சின்ன ஆட்கள் தெரிவார்கள். உங்களில் சிலருக்கும் இரண்டொரு துண்டு தந்திருக்கிறேன், பதிலுக்கு மாங்காய் வாங்கியிருக்கிறேன். டொபியையும் அந்த டின்னுக்குள் போட்டு மூடி, தோணி கட்டுகிற இடத்தில் நின்று வாவிக்குள் எறிந்தேன். டின் உடனே தாழவில்லை. மிதந்து மிதந்து போனது. யாராவது எடுத்து வந்து வீட்டில் கொடுத்துவிடுவார்களோ என்று அது தாழும்வரை அங்கேயே நின்றேன்.

மாமா மழைக்காலத்தில் திரும்பி வந்தார். ஒரு காது கேட்கவில்லை. மீசையை மழித்திருந்தார்கள். பிறகு வெளிநாடு போனார், வந்தார், செங்கலடிச் சந்தியில் இரும்புச் சாமான் கடை போட்டார், பிள்ளை குட்டி என்று ஆனார். தியேட்டர் என்ன, கலியாண மண்டபத்துக்குள்ளும் கதவோரக் கதிரையில்தான் இருப்பார். அப்பா செத்துப் பன்னிரண்டு வருடம். அதற்கு முந்திய இருபத்தெட்டு வருடமும் அம்மாவுக்குக் கோபம் வந்தால், அது உப்புக் கூடிய கறிக்கென்றாலும், கடைசியில் படம் பெரிசாப் போச்சு என்ற இடத்தில்தான் வந்து முடியும். அப்பா ஒரு நாளும் வாய் திறந்ததில்லை. நானும் திறந்ததில்லை. கலியாணம் முடிந்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன், அப்பாவுக்கு அறுபது வரட்டும் என்றிருந்தேன், ஆஸ்பத்திரியில் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தபோது இன்றைக்குச் சொல்லிவிடுவேன் என்றிருந்தேன். அம்மா வாசலில் நின்றா. அப்பா கண்ணால் வேண்டாம் என்றார்.

போன ஞாயிறு மாமா வந்திருந்தார். தியேட்டரை இடித்ததைப் பார்க்கத்தான் வந்தார். முன்சுவருக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு வந்து பாயில் இருந்தார். மேசையில் கிடந்த பிரதியை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த வரியைச் சத்தமாக வாசித்துவிட்டார். நான் சோற்றோடு நின்றேன்.

அம்மா சுவரோடு சாய்ந்திருந்தா.

"ஓம், சரியாத்தான் எழுதியிரிக்காங்க" என்றா. "படம் பெரிசாப் போச்சு அந்த மனுசனுக்கு."

"விடு அக்கா" என்றார் மாமா. "அத்தான் என்னை வந்து பாத்தது உனக்குத் தெரியாதுதானே. ஒரேயொரு தரம். ஆரையோ பிடிச்சு வந்திட்டார். வெளிய சொன்னா என்னை உயிரோட விடமாட்டம் எண்டு சொல்லித்தான் கம்பிக்கு அங்கால அஞ்சு நிமிசம் நிக்க விட்டாங்க. எனக்குக் கதைக்க ஒண்டும் வரல்ல. சோறு சிதறினது மட்டுந்தான் நான் கண்டிருந்தன், படம் எப்பிடி முடிஞ்சது அத்தான் எண்டு கேட்டன். எல்லாரும் ஒரு பாயில இருந்து சாப்பிடுவாங்கடா எண்டார். அடி விழக்குள்ள எல்லாம் அதைத்தான் நினைச்சுக்கொண்டு கிடந்தன். நாங்களும் அப்பிடி இருந்து சாப்பிடுவம் எண்டு."

பிரதியை மடித்து வைத்தார்.

"இப்ப போன்லயே எல்லாப் படமும் வருதாம். அதைப் பாக்க மட்டும் எனக்குப் பயம். அப்பிடித்தானா முடியுது? உனக்குத் தெரியுமா புள்ள?"

தெரியாது என்ற சொல் நாக்கில் வந்து நின்றது. நாற்பது வருடம் பழகிய சொல், தானாகவே வந்தது. அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. கோப்பையைப் பாயில் வைத்தேன்.

"இல்ல மாமா. தம்பிமார் மூண்டு பேரும் வந்து இருந்த உடன, கையில சோத்தோட அக்கா செத்துப்போவாள்."

அம்மாதான் கேட்டா.

"நீ எங்க வச்சுப் பாத்த?"

"அப்பாட அறையில. அண்டைக்குத்தான் அம்மா. அப்பா என்னெண்டு கேட்டார். சும்மா வந்தன் எண்டு சொன்னன். முடிவைப் பாத்துத்துத்தான் சொன்னன். அவர் கேட்ட உடன போட்டார்."

அம்மா தன் கையைப் பார்த்தா. என்னைத் திட்டுவா என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"ஒரு நாளாவது அவருக்குப் பக்கத்தில இருந்து சோறு போட்டிருப்பனே" என்றா.

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பத் திரும்பத் துடைத்தார். நான் பாயில் இருந்தேன். அம்மாவும் சுவரை விட்டு நகர்ந்து வந்து எங்களோடு இருந்தா. மூவரும் இருந்தோம். சோறு ஆறிப்போனது, ஒருவரும் கை வைக்கவில்லை.

நூல் போடுகிற பிள்ளைகளுக்கு இதையே அனுப்புகிறேன். எல்லாவற்றையும் போட இடமில்லை என்றால் விடுங்கள். அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டு இப்படிப் போடுங்கள்: செய்தி காதில் விழுந்த உடனே, விரல் சுடச் சுட, ஒப்பரேட்டர் பெயரை எழுதினார். பிந்தியது அவருடைய மகள்.